பழைய நேரத்தில் நாலரை

லீவில் வந்து நான்காம் நாள். நாவற்குடா வீட்டில் மின்விசிறிக்குக் கீழே கால் நீட்டிக் கிடந்தேன். மனைவி தன் கைத்தொலைபேசியைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே பிடித்தாள். மரண அறிவித்தல் ஒன்று. படுவான்கரைப் பூமணி அக்கா காலமாகிவிட்டா. நல்லடக்கம் நாளை பிற்பகல் மூன்று மணிக்கு. அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். அதில் அக்கா யாரோ அதட்டிவிட்ட மாதிரி முழித்துக்கொண்டிருந்தா.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது ஒரு கேள்வி.

"மூணு மணி எண்டா, புது நேரமா பழைய நேரமா?"

மனைவி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "என்னப்பா கேக்கிறீங்க? அந்தக் கதையெல்லாம் முடிஞ்சு எத்தின காலம். இப்ப ஒரு நேரந்தானே இரிக்கி."

இரிக்கி, உண்மைதான். ஆனால் இருபது வருடத்துக்கு மேலாக அந்தக் கேள்வி என் தொண்டையில் நிற்கிறது. ஒருநாள் அதைக் கேட்காமல், எழுதவும் செய்யாமல் விட்டேன். அதில் ஒருவன் செத்துப்போனான். அவன் பூமணி அக்காவின் தம்பி, என் கூட்டாளி. இதை அக்காவிடம் சொல்லவேண்டும், அடுத்த லீவில் சொல்லவேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் நினைத்துக்கொண்டு வந்தேன். இனி அந்த வேலையும் இல்லை.

நீங்கள் வெளியூர் ஆள் என்றால் முதலில் இந்த நேரக் கதையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. சூரியன் எழும் பக்கமும் படும் பக்கமும், அவ்வளவுதான் கணக்கு. ஒரு காலத்தில் அரசாங்கம் நாட்டின் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியது. முதலில் கொஞ்சம் கூடத் தள்ளி, பிறகு கொஞ்சம் இழுத்து, கடைசியில் அரை மணித்தியாலத்தில் நிறுத்தினார்கள். எழுவான்கரையில் நாங்கள் மணிக்கூட்டைத் திருப்பினோம். சண்டைக் காலம் அது. படுவான்கரை அப்போது அரசாங்கத்தின் கையில் இல்லை, வேறு ஆட்களின் கையில் இருந்தது. அங்கே திருப்பவில்லை. அதனால் ஒரே வாவி, ஒரே வெயில், இரண்டு நேரம். இந்தக் கரையில் நாலரை என்றால் அந்தக் கரையில் நாலு.

சனம் இதற்கும் பழகிவிட்டது. கலியாணக் கார்டில் இரண்டு நேரத்தையும் அச்சடித்தார்கள். எங்கள் தெருவில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் பழைய நேரத்துக்கு ஆயத்தமாகி, புது நேரத்துக்கு வைத்த முகூர்த்தத்தைக் கோட்டைவிட்டு, ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் புரட்டி வேர்த்தது நல்ல ஞாபகம். யார் எந்த நேரம் சொன்னாலும் அடுத்த கேள்வி "புதுசா பழசா?" என்பதுதான். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பதுபோல அதைக் கேட்டோம்.

கைத்தொலைபேசித் திரைக்கு ஒரு மணமும் இல்லை. அந்த நாளில் எனக்கு வந்த செய்திக்கு மணம் இருந்தது. வானிலை நிலையத்தில் நான் ஒரு சாதாரண அவதானிப்பாளர். அங்கே மூலையில் நின்ற இயந்திரம் மெட்ராஸ், திருவனந்தபுரம், மாலே, சிங்கப்பூர் விமான நிலையங்களின் வானிலையை ஒரு வழுவழுத்த கடதாசியில் கக்கும். சூடு பட்டால் கறுக்கிற கடதாசி. புதிதாக வெளியே வரும்போது இஸ்திரி போட்ட சட்டை கருகத் தொடங்கும் மணம் வரும். இன்றைக்கும் யாராவது இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்தால், எனக்கு முதலில் சிங்கப்பூரின் காற்று வேகம்தான் ஞாபகம் வரும். பிறகுதான் சட்டை.

அந்தக் கடதாசியில் மூன்றாவதாக ஒரு நேரம் இருந்தது. கிரீன்விச் நேரம். உலகத்தில் எந்த விமானம் எங்கே பறந்தாலும் வானிலையும் பறப்புத் திட்டமும் அந்த ஒரே நேரத்தில்தான் எழுதப்படும். எண்ணுக்குப் பின்னால் இசட் என்ற எழுத்தைப் போட்டுவிட்டால் முடிந்தது. நான் ஒரு அறையில் இருந்துகொண்டு மூன்று நேரங்களில் வாழ்ந்தேன். சம்பளம் மட்டும் ஒன்று.

சீலன் அந்த நிலையத்துக்கு வந்தது இந்தக் கடதாசியைத் தேடித்தான். முழுப்பெயர் குணசீலன். படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஒரு சனிக்கிழமை, வெள்ளைச் சட்டையும் தோளில் குறுக்காகப் போட்ட பையுமாக வாசலில் நின்று, "பதினெட்டாயிரம் அடியில இண்டைக்குக் காத்து எப்பிடிச் சேர்?" என்று கேட்டான். அதுவரை அந்த வாசலில் வந்து கேட்டவர்கள் எல்லாம் மழை வருமா என்றுதான் கேட்டிருக்கிறார்கள். நான் கதிரையை இழுத்துப் போட்டேன். அன்று சேர் என்றவன் அடுத்த மாதமே மச்சான் என்றான்.

லண்டனில் இருந்த மாமா ஒருவர் அவனுக்குப் பழைய புத்தகப் பெட்டி ஒன்றை அனுப்பியிருந்தார். விமானிகள் படிக்கிற வானிலை, பறப்புத் திட்டம், எரிபொருள் கணக்கு. சின்ன வயதிலிருந்து விமானி ஆகவேண்டும் என்று இருந்தவன், அந்தப் பெட்டியை முழுக்கப் படித்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்திருந்தான். "பறக்கிறதுக்குக் காசு வேணும் மச்சான். திட்டம் போடுறதுக்கு மூளை காணும்." பெரிய விமானக் கம்பனிகளில் நிலத்தில் இருந்து திட்டம் போட்டு விமானியின் கையில் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். எந்த வழி, எந்த உயரம், எங்கே இடிமேகம், எவ்வளவு எண்ணெய். அந்த வேலைக்கு ஒரு சோதனை எழுதவேண்டும். அதுதான் அவன் குறி.

அப்படித்தான் எங்கள் இருவரின் விமானக் கம்பனி தொடங்கியது. ஒரு கொப்பி, ஒரு பென்சில், பிஸ்கட் பெட்டி மட்டையில் அவன் வெட்டிச் செய்த வட்டக் கணிப்பான். ஒருவன் ஒரு பறப்புக்குத் திட்டம் போடுவான், மற்றவன் பிழை பிடிப்பான். மெட்ராசிலிருந்து சிங்கப்பூர். மாலேயிலிருந்து பம்பாய். எங்கள் விமானம் ஒருநாளும் இலங்கைக்கு மேலால் பறந்ததில்லை. நாட்டுக்கு மேலால் விமானக் கோடு போட்ட ஒரு படத்தோடு இரண்டு கரைச் சோதனைச் சாவடிகளையும் தாண்ட முடியுமா? ஊரைச் சுற்றிக்கொண்டு போவதால் எண்ணெய் கூடச் செலவாகிறது என்று நான் பகிடி பண்ணுவேன். ஒருமுறை ஆமிக்காரப் பெடியன் ஒருவன் கொப்பியைப் புரட்டிவிட்டு, தெரிந்த தமிழில் "மெட்ராஸ் போறதா?" என்று கேட்டானாம். "கடதாசியிலதான் சேர்" என்றானாம் இவன். "எனக்கும் ஒரு சீட்" என்று சொல்லிக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தானாம் அந்தப் பெடியன்.

முதல் திட்டத்திலேயே எங்களுக்குள் சண்டை வந்தது. அவன் பழைய நேரத்தில் எழுதியிருந்தான், நான் புது நேரத்தில் பார்த்துவிட்டு விமானம் அரை மணித்தியாலம் பிந்துகிறது என்று சிவப்பால் கீறிவிட்டேன். அன்றைக்கே சட்டம் போட்டோம். எங்கள் இருவருக்கும் இனி இசட் நேரம் மட்டும்தான். கணக்கில் மட்டுமல்ல, எல்லாவற்றிலும். "எட்டு இசட்டுக்குக் கோயிலடிக்கு வா" என்று சொன்னால் நான் ஆறு கூட்டுவேன், அவன் ஐந்தரை கூட்டுவான், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போய் நிற்போம். அந்த நேரத்தில் அவனுக்கு ஒரு தனிச் சந்தோசம் இருந்தது. "இது ரெண்டு பக்கத்தாருக்கும் சொந்தமில்லாத நேரம் மச்சான். இதுல குந்தினா ஒருத்தரும் நம்மள எழும்பிப் போ எண்டு சொல்லேலாது."

எரிபொருள் கணக்கில் அவனை அசைக்க முடியாது. போய்ச்சேர ஒரு அளவு. வழியில் கணக்குப் பிசகினால் என்று நூற்றுக்கு ஐந்து. இறங்கவேண்டிய இடத்தை மழை மூடிவிட்டால் வேறொரு நிலையத்துக்குப் போக ஒரு அளவு. இவ்வளவுக்கும் மேலே, அங்கேயும் வானத்தில் சுற்றிக்கொண்டு நிற்க முப்பது நிமிடத்துக்கு எண்ணெய். அந்தக் கடைசி முப்பது நிமிடத்தைத் தொடாமல் இறங்குவதுதான் திட்டம். தொடவேண்டி வந்தால் விமானி அபாயக் குரல் கொடுக்கவேண்டும். நான் சோம்பேறி. சில நேரம் கூட்டலில் அதை விட்டுவிடுவேன். அவன் கொப்பியைத் தூக்கி மேசையில் போடுவான்.

"அந்த அரை மணித்தியாலத்தில கைவைக்கப்படாது. அது விமானியிட இல்ல, பின்னால இரிக்கிற சனத்திட."

"ஓம் சேர்" என்பேன் நான். அப்படிப் பேசிச் சிரித்த வாயைத்தான் பிறகு வருடக்கணக்காக நான் திட்டினேன்.

இரண்டு கரைக்கும் நடுவே எங்கள் தபால், மீராசா காக்கா. காத்தான்குடியில் இருந்து சைக்கிளில் பெட்டி கட்டி, விடியற்காலை படுவான்கரைக்குப் பாண் கொண்டுபோவார். பகலில் ஒருக்கால் திரும்பி வந்து, பின்னேரத் தேத்தண்ணிக்குப் பணிஸ் ஏற்றிக்கொண்டு மறுபடி போவார். எங்கள் துண்டுகள் அவருடைய சட்டைப்பையில் போய்வந்தன. ஒருமுறை எங்கள் துண்டு ஒன்றில் எண்ணும் இசட்டும் இருந்ததைக் கண்டு, இது என்ன சங்கேதம் என்று சோதனையில் அவரை ஒரு மணித்தியாலம் வெயிலில் நிறுத்திவிட்டார்கள். பாவம், மனிசன் அன்றைக்கு விற்காத பாணோடு திரும்பி வந்தார். "இனி எழுதுறதத் தமிழில எழுதுங்க தம்பி. அந்தக் கடைசி எழுத்து எனக்கு ஆகாது" என்றார். அது நியாயம்தானே.

சீலனுக்குக் கொழும்பில் அந்தச் சோதனை எழுத நாள் வந்தது. சனிக்கிழமை காலை. வெள்ளிக்கிழமை பின்னேரம் வாவியைக் கடந்து, இங்கே ஆறரை மணிக் கொழும்பு பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். ஐப்பசி மாதம். மூன்று நாளாகப் பின்னேரத்தில் இடி மழை அடித்துக்கொண்டிருந்தது. துறையில் இயந்திரப் படகு பழுது, அந்தக் கிழமை முழுக்கத் தோணி மட்டும்தான். வெள்ளி பகல் மீராசா காக்கா துண்டோடு வந்தார். "மச்சான், இண்டைக்கு எப்ப அடிக்கும்? பார்த்துச் சொல்லு. உன்ட கணக்கை நம்பித்தான் வெளிக்கிடுவன்."

நான் சந்தோசமாக உட்கார்ந்தேன். இதை விடப் பெரிய மரியாதை எனக்கு யார் தந்தார்கள்? மூன்று நாளும் தென்மேற்கே மலைப்பக்கத்தில் மேகம் ஒன்றரைக்குத் திரண்டிருந்தது. காலையில் விட்ட பலூன் மேல்காற்று பதினைந்து நொட்ஸ் என்று காட்டியது. மலையிலிருந்து வாவிக்கு நாற்பத்தைந்து கடல் மைல். மூன்று மணித்தியாலம். ஒன்றரையும் மூன்றும் நாலரை. பென்சிலால் பத்து முப்பது என்று எழுதிவிட்டு இசட்டைப் போடப்போனபோது, வாசலில் சைக்கிள் மணி அடித்தது.

"கெதியாத் தாங்க தம்பி, பணிஸ் சூடு ஆறுது."

வெயிலில் நின்ற மனிசன் ஞாபகத்துக்கு வந்தார். அந்தத் துண்டைக் கசக்கிவிட்டு, வேறொன்றில் நல்ல தமிழில் எழுதினேன். "நாலரைக்கு அடிக்கும். அதுக்கு முதல் கடந்திரு. வெல்லுவாய்." அவ்வளவுதான். அவன் இருக்கிற கரை எது, நான் இருக்கிற கரை எது என்று ஒரு கணம் நான் நினைக்கவில்லை. என் சுவரில் இருந்த மணிக்கூட்டின் நாலரையை எழுதி மடித்துக் கொடுத்தேன். புது நேரம் என்று இரண்டு சொல் போட்டிருக்கலாம். நாலு என்றாவது எழுதியிருக்கலாம். பிழையான நேரத்தை எழுதியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று பிறகு எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

ஏனென்றால் மழை நாலரைக்கு அடித்தது. சொல்லிவைத்த மாதிரி, என் சுவர் மணிக்கூட்டில் சரியாக நாலரை. காற்று முதலில் வந்தது. வேகமானியின் முள் ஒரே தூக்காகத் தூக்கியது. பதிவேட்டில் பத்து முப்பது இசட் என்று எழுதினேன். பேனையை மூடிவைத்துவிட்டு, பிளாஸ்கில் இருந்த தேத்தண்ணியை ஊற்றிக் குடித்தேன். சரியாகச் சொல்லிவிட்டேன் என்ற பெருமை. கொழும்பில் இருக்கிற பெரிய ஆட்கள்கூட இப்படிச் சொல்லமாட்டார்கள் என்று நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது. என் உத்தியோக காலத்தில் நான் சொன்ன மிகச் சரியான முன்னறிவிப்பு அதுதான். பிளாஸ்கில் இருந்து ஊற்றிய தேத்தண்ணியை அதற்குப் பிறகு நான் குடிப்பதில்லை. தேத்தண்ணியில் ஒரு பிழையும் இல்லை.

ஆறு மணிக்கு பஸ் நிலையத்துக்குப் போனேன், அவனை ஏற்றிவிட. பேனை ஒன்று வாங்கி வைத்திருந்தேன். பஸ் வெளிக்கிட்டது, அவன் வரவில்லை. தோணிக்காரனைத் திட்டிக்கொண்டு நின்றேன். மீராசா காக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பெட்டி திறந்து கிடந்தது, பணிஸ் எல்லாம் நனைந்து கூழாகியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தோணி பிரண்டுட்டு தம்பி. நாலு பேர் தோணியப் பிடிச்சிக் கரையேறினாங்க. நம்மட மாஸ்டர் மௌத்தாகிட்டார்."

நீந்தத் தெரிந்தவன். தோளில் குறுக்காகப் போட்ட பையில் அந்தப் புத்தகங்கள் முழுக்க இருந்தன. அதைக் கழற்ற நேரம் கிடைக்கவில்லையாக்கும். கழற்ற மனம் வரவில்லையோ, அது எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் நான் வாவியைக் கடந்து பூமணி அக்கா வீட்டுக்குப் போனேன். தாய் தகப்பன் இல்லாதவன், அக்கா வீட்டில்தான் இருந்தான். அக்காவுக்கு அப்போது ஏழு மாதம். குசினி வாசலில் காலை நீட்டி இருந்தா. என்னைக் கண்டதும் சுவர் மணிக்கூட்டுக்குப் பின்னால் செருகியிருந்த துண்டை எடுத்து என் கையில் தந்தா. என் எழுத்து. பென்சில் எழுத்து, நனையாத எழுத்து.

"மூணேகாலுக்கே பையைப் போட்டிட்டு நிண்டவன் தம்பி. நான்தான் சோறு திண்டிட்டுப் போ எண்டு மறிச்சன். றால் கறி காச்சியிருந்தன். மேற்கால கறுத்துக் கிடக்குடா, வெறும் வயித்தோட போறது எண்டா போ எண்டும் சொன்னன். அவன் இந்தத் துண்டைப் பாத்திட்டு, நாலரைக்குத்தான் அக்கா அடிக்கும், கணக்கு இரிக்கி, திண்டிட்டுப் போனாலும் அரை மணித்தியாலம் மிச்சம் கிடக்கு எண்டு இருந்தான். ரெண்டு தரம் வாங்கித் திண்டான். மழை முந்திட்டு தம்பி. நாலு மணிக்கே அடிச்சிட்டு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த வீட்டுச் சுவர் மணிக்கூடு என் கையில் இருந்த மணிக்கூட்டுக்கு அரை மணித்தியாலம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. நான் சொன்ன நாலரை அந்த வீட்டில் நாலு. அவன் தன் வழக்கப்படி கடைசி அரை மணித்தியாலத்தைத் தொடாமல் வைத்துக்கொண்டுதான் வெளிக்கிட்டிருக்கிறான். அந்த அரை மணித்தியாலத்தை நான் ஏற்கனவே தின்றுவிட்டேன் என்பது அவனுக்குத் தெரியாது.

"மழை ஆரு சொல்லிக் கேக்கும்? நீங்க மனசப் போட்டு உடைக்காதீங்க தம்பி. நான் மறிக்காம விட்டிருந்தா போயிருப்பான்" என்றா அக்கா.

நான் வாயைத் திறந்தேன். மழை முந்தவில்லை அக்கா, சரியாகத்தான் வந்தது, நேரத்தைப் பிழையாகத் தந்தது நான் என்று சொல்லத்தான் திறந்தேன். வந்தது வேறு.

"ஓம் அக்கா. என்ட கணக்குப் பிழைச்சிட்டு."

கணக்குப் பிழைக்காத ஒரே நாளில் அந்தப் பொய்யைச் சொன்னேன். வானிலைக்காரனின் கணக்குப் பிழைப்பதை ஊர் மன்னிக்கும். பகிடி பண்ணி மறந்துவிடும். இரண்டு சொல் எழுத மறந்தவனை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியவில்லை, பயந்துவிட்டேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை. பயம்தான்.

அடுத்த வருடம் அதே சோதனையை நான் எழுதினேன். ஏன் எழுதினேன் என்று கேட்காதீர்கள். அவனுடைய கொப்பிகள் என்னிடம் இருந்தன, அவனுடைய பிழை திருத்தங்கள் எனக்குப் பாடமாக இருந்தன. பாஸ் பண்ணினேன். இன்றைக்கு வளைகுடா நாடு ஒன்றில், குளிரூட்டிய அறையில், நாலு திரைக்கு முன்னால், பெரிய விமானங்களுக்குத் திட்டம் போடுகிறேன். இப்போது நாலு செக்கனில் இயந்திரமே எல்லாவற்றையும் கூட்டித் தந்துவிடும். கையொப்பம் போடுமுன் நான் அந்தக் கடைசி முப்பது நிமிட வரியை விரலால் தொட்டுப் பார்ப்பேன். கூட வேலை செய்கிற பெடியன்கள் சிரிப்பார்கள். எல்லா நேரத்துக்கும் பின்னால் இசட் போடுவதற்கும் சிரிப்பார்கள். பல் டொக்டரின் நேரத்தைக்கூட நான் அப்படித்தான் குறித்துவைப்பேன். "சோத்துக்கு வாற நேரத்துக்கும் இசட்டா?" என்று மனைவி கேட்பாள். அவன் இருக்கவேண்டிய கதிரை அது. நல்ல மெத்தைக் கதிரை. ஒருநாளும் அதில் நான் வசதியாகச் சாய்ந்து இருந்ததில்லை.

ஒரு சித்திரைப் புதுவருசத்தை ஒட்டி அரசாங்கம் மணிக்கூட்டைப் பழையபடி பின்னுக்கு இழுத்தது. படுவான்கரையார் ஒன்றும் செய்யவேண்டி இருக்கவில்லை. நாங்கள்தான் அவர்களுடைய நேரத்துக்குத் திரும்பினோம். கடைசியில் சீலனுடைய நேரம்தான் சரி என்றாகிவிட்டது. அப்போது நான் லீவில் நின்றேன். தெருவில் எல்லாரும் அரை மணித்தியாலம் கூட நித்திரை கொள்ளலாம் என்று பேசிக்கொண்டார்கள். எடுத்த அரை மணித்தியாலத்தை எனக்கும் திருப்பித் தந்தார்கள். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? என் கைக்கடிகாரத்தை மனைவிதான் கழற்றி வாங்கித் திருப்பினாள்.

ஒவ்வொரு லீவிலும் பூமணி அக்காவைப் பார்க்கப் போனேன். இங்கே உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனால் சோறு தின்னாமல் வெளியே வர முடியாது. மறிப்பார்கள், செருப்பை ஒளித்து வைப்பார்கள், கோபிப்பார்கள். பூமணி அக்கா வீட்டில் மட்டும் அது நின்றுபோனது. தேத்தண்ணி தருவா. குடித்து முடித்ததும், "வெளிக்கிடுங்க தம்பி, நேரம் போகுது" என்பா. உறவுக்காரர் சிலர் இதைக் குறையாகவும் சொன்னார்கள், மனிசி நெருப்பு, ஒரு வாய் சோறு தரமாட்டா என்றார்கள். எனக்குத்தான் தெரியும். ஒரு தட்டுச் சோற்றால் தம்பியைக் கொன்றதாக அக்கா நினைத்துக்கொண்டிருந்தா. இல்லை அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டியவன் நான், அந்த வாசலில் வருடத்துக்கு ஒரு தரம் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். சொக்லேட் பெட்டி கொண்டுபோனேன், சேலை கொண்டுபோனேன். கொண்டுபோகவேண்டியதைக் கொண்டுபோகவில்லை.

நேற்று நல்லடக்கத்துக்குப் போனேன். துறை இருந்த இடத்தில் இப்போது பாலம். முச்சக்கர வண்டிக்காரன் யாருடனோ தொலைபேசியில் பேசிக்கொண்டே இரண்டு நிமிடத்தில் கடந்துவிட்டான். எந்த இடத்தில் தோணி பிரண்டது என்று தலையை நீட்டிப் பார்ப்பதற்குள் மற்றக் கரை வந்துவிட்டது. மீராசா காக்காவும் போய்விட்டார். சோதனைச் சாவடி நின்ற இடத்தில் ஒருவர் வத்தகப்பழம் விற்கிறார்.

மூன்று மணி என்றால் மூன்று மணிக்கே அக்காவை எடுத்தார்கள். எல்லாம் முடிந்து திரும்பி வந்து, அயல் வீட்டார் கொண்டுவந்த சாப்பாட்டுச் சட்டிகள் குசினியில் இருக்க, சனம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. அக்காவின் மகள் வதனி வாசலில் நின்று ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வயிற்றில் இருந்தவள், மாமனை முகம் பார்க்காதவள். "வெளிக்கிடுங்க, நேரம் போகுது" என்று தாயின் அதே குரலில் சொன்னாள். எனக்கு அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

அவளைக் கூப்பிட்டு இருத்தி, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவளுடைய நெற்றி சுருங்கியது.

"விளங்கல்ல மாமா. ஒரே நாட்டில எப்பிடி ரெண்டு நேரம்?"

மறுபடி சொன்னேன். எழுவான்கரை, படுவான்கரை, புதுசு, பழசு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குச் சொல்வதுபோல விரலால் நிலத்தில் கீறிக் காட்டினேன். இருபது வருடத்துக்கு மேலாக நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்த குற்றம் இந்தப் பிள்ளைக்கு ஒரு கணக்குப் புதிர் மாதிரி இருந்தது. அப்படி ஒரு அரை மணித்தியாலம் இந்த வாவிக்கு நடுவில் கிடந்தது என்பதற்கு இப்போது சாட்சிகூட இல்லை. கீறியதையே பார்த்துக்கொண்டிருந்தவள் பிறகு தலையைத் தூக்கினாள். விளங்கிவிட்டது.

"அப்ப, அம்மா மறிச்சதால இல்லையா?"

"இல்ல மகள். அவனுக்குத் திண்டிட்டுப் போக நேரம் கிடக்கு எண்டு சொன்னது நான்."

"இத அம்மாட்டச் சொன்னீங்களா?"

"இல்ல."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மணிக்கூட்டைப் பார்த்தாள், அதே சுவர், வேறு மணிக்கூடு. எழுந்து குசினிக்குள் போனாள். தட்டு ஒன்றைக் கழுவுகிற சத்தம் கேட்டது. சோறு போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"சோறு திண்டிட்டுப் போங்க மாமா."

அந்த வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை வருடம். நான் இருந்து தின்றேன். அவள் இரண்டாம் தரமும் போட்டாள், அதையும் தின்றேன். அழுதுகொண்டுதான் தின்றேன், அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிய அரை மணித்தியாலம் ஆகியிருக்கும். அவசரம் ஒன்றும் இருக்கவில்லை. மேற்கே வானம் வெளிச்சமாக இருந்தது, கடப்பதற்குத் தோணி இல்லை, எந்த நேரம் என்று கேட்க இனி ஒருவரும் இல்லை. சோற்றில் ஒரு பிழையும் இருக்கவில்லை. பூமணி அக்காவுக்குத்தான் அது தெரியாமல் போயிற்று.